டர்போ டீசல் வண்டி இழுக்கவில்லையா? டர்போவில் கை வைப்பதற்கு முன்

டீசல் வண்டியில் இழுவை குறைந்துவிட்டது என்றதும் பழி நேராக டர்போ மேல் விழுகிறது. கழற்றுகிறார்கள், புதியதைப் பூட்டுகிறார்கள், வண்டி அதே மேட்டில் அதே மாதிரி திணறுகிறது. காரணம் எளிது. டர்போ தானாகச் சுற்றும் இயந்திரம் அல்ல. எரிந்து வரும் வாயுவின் வேகத்தில் சுற்றுகிறது, இன்ஜினின் கணினியான இசியு சொல்லும் அளவுக்குக் காற்றை அழுத்துகிறது. டீசல் குறைந்தாலும், எக்ஸாஸ்ட் அடைத்தாலும், ஹோஸ் கிழிந்தாலும் கடைசியில் தெரிவது 'பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) இல்லை' என்ற ஒரே அறிகுறிதான்.

ஆகவே கேட்க வேண்டியது "டர்போ நன்றாக இருக்கிறதா?" என்பதல்ல. இசியு கேட்டதற்கும் இன்ஜின் கொடுத்ததற்கும் இடையில் எது முதலில் விழுந்தது என்பதுதான் கேள்வி. அந்த வரிசை தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. தெரியாமல் பாகம் மாற்றுவது பணத்தை வீணாக்கும் வேலை.

எப்போது இழுக்கவில்லை?

ஸ்கேனரை மாட்டுவதற்கு முன்பே ஓட்டுபவரிடம் இதைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். 'பிக்கப் இல்லை' என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன.

2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே மந்தமாக இருந்து, அதற்கு மேல் ஓரளவு உயிர் வருகிறது என்றால் டர்போவை இயக்கும் வேக்கம் (வெற்றிடம்) போகும் ஹோஸ், திறந்த நிலையில் சிக்கிய டர்போ தகடுகள், எரிந்த வாயுவில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வு மூடாமல் இருப்பது, இந்த மூன்றையும் முதலில் சந்தேகிக்கலாம். நன்றாக இழுத்துக்கொண்டே போய் 3,000 வாக்கில் திடீரென்று சக்தி அறுந்து, வண்டியை அணைத்துப் போட்டதும் சரியாகிவிடுகிறது என்றால் இசியு தானே பாதுகாப்புக்காகக் குறைத்திருக்கிறது. லிம்ப் மோட் என்பது அதுதான். மூடிய நிலையில் தகடுகள் சிக்கி அளவுக்கு மீறிய பூஸ்ட் வந்தாலும் இப்படி நடக்கும், ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தம், கேட்ட அளவை எட்டாமல் போனாலும் இப்படி நடக்கும். தட்டையான சாலையில் குறையே தெரியாமல், நீண்ட மேட்டில் மட்டும் மெல்ல மெல்லச் சக்தி இறங்குகிறது என்றால் டீசல் ஃபில்டர், டாங்க்கின் உள்ளே இருக்கும் வலை, டாங்க் மூடியின் காற்றுத் துளை என்று டீசல் வரும் பாதையில் தேடுவது லாபம். எல்லா வேகத்திலும், எல்லா நேரத்திலும் ஒரே மாதிரி சோம்பல் என்றால் அடைபட்ட எக்ஸாஸ்ட், தவறாகப் படிக்கும் காற்று சென்சார், ஒரு பல் தாண்டிய டைமிங் பெல்ட் ஆகியவை பட்டியலில் மேலே வரும்.

புகையும் பேசும். கரும்புகை வந்தால் டீசல் போதுமான அளவு வருகிறது, காற்றுதான் போதவில்லை. புகையே இல்லாமல் இழுவை குறைந்தால் டீசல் வரவில்லை, அல்லது இசியு வேண்டுமென்றே குறைத்துவிட்டது. இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை நின்றால் எரியாத டீசல். இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன். அந்த வெண்புகையோடு கூலன்ட் மட்டமும் இறங்கினால் ஈஜிஆர் கூலர், ஹெட் கேஸ்கெட் பக்கம் பார்க்க வேண்டும். நீலம் என்றால் எண்ணெய். எக்ஸாஸ்டில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் உள்ள வண்டியில் மட்டும் இந்தக் கணக்கை நம்பக்கூடாது, ஏனென்றால் கரும்புகையை டிபிஎஃப் விழுங்கிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் சைலன்சர் வாயின் உட்புறத்தில் விரலை விட்டுப் பாருங்கள். கரி ஒட்டினால் டிபிஎஃப் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது அல்லது யாரோ அதைக் குடைந்து எடுத்துவிட்டார்கள்.

கோட் சொல்வது என்ன, சொல்லாதது என்ன

ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்தான் கோட். பி0299 என்றால் கேட்ட பூஸ்ட் கிடைக்கவில்லை. டர்போ கெட்டது என்று அதற்கு அர்த்தமே இல்லை. பி0234 என்றால் பூஸ்ட் அளவு மீறியது. பி0087 ரெயில் பிரஷர் குறைவு. பி0101 காற்று சென்சாரின் அளவு நம்பும்படி இல்லை. பி2463 டிபிஎஃப்பில் கரி சேர்ந்துவிட்டது. இவை எல்லாமே விளைவைச் சொல்கின்றன, காரணத்தைச் சொல்வதில்லை.

கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோட் விழுந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, லோடு எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு என்பது அதில் இருக்கும். 1,700 ஆர்பிஎம்மில் விழுந்த பி0299ம் 3,600ல் விழுந்த பி0299ம் வேறு வேறு கோளாறுகள். ஸ்கேனரை மாட்டியதும் முதல் வேலையாகக் கோடை அழிப்பவர் தன் கையிலிருந்த நல்ல தடயத்தைத் தானே தொலைக்கிறார். இரண்டு மூன்று கோடுகள் சேர்ந்து இருந்தால் சென்சார் வயரிங் சம்பந்தப்பட்டதை முதலில் தீர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது. பொய் சொல்லும் சென்சாரை வைத்துக்கொண்டு செய்யும் எல்லா அளவீடும் பொய்தான்.

சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல்

இதற்கு ஐந்து நிமிடம் போதும், செலவு கிடையாது, ஆனால் பலர் செய்வதில்லை. இரவு முழுக்க நின்று குளிர்ந்த வண்டியில் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து லைவ் டேட்டாவைப் பாருங்கள்.

மேனிஃபோல்டில் (காற்று சிலிண்டர்களுக்குப் பிரியும் இடம்) உள்ள மேப் என்ற அழுத்த சென்சாரும் வளிமண்டல அழுத்த சென்சாரும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். 2, 3 கிலோபாஸ்கல் வித்தியாசம் பரவாயில்லை. கடல் மட்டத்தில் அது 101 வாக்கில் இருக்கும், 1,000 மீட்டர் உயரத்தில் 90, 2,000 மீட்டரில் 80 வாக்கில். மலை மேல் 80 காட்டுவது கோளாறு அல்ல. கடற்கரையில் 90 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. டிபிஎஃப் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோதே 15 மில்லிபார் காட்டினால் அந்த சென்சார் சொல்லும் எதையும் நம்ப முடியாது. கூலன்ட், உள்வரும் காற்று, டீசல் ஆகியவற்றின் வெப்பநிலை எல்லாம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரைத் தரை வரை அழுத்தினால் 100 சதவீதத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். 70லேயே நின்றால், பெடலுக்குக் கீழே தரை விரிப்பு சிக்கியிருந்தாலும் சரி, பெடல் சென்சார் தேய்ந்திருந்தாலும் சரி, மேலே எதையும் கழற்ற வேண்டாம்.

லோடில் ஓட்டிப் பதிவு செய்வது

வண்டியை நிறுத்தி வைத்து ரேஸ் பண்ணிப் பார்ப்பதில் டர்போ டீசலைப் பற்றி அதிகம் தெரியாது. லோடு இல்லாமல் இசியு பெரிய பூஸ்ட் கேட்பதே இல்லை. ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆளில்லாத நேரான சாலை, மூன்றாவது கியர், 1,500 ஆர்பிஎம்மிலிருந்து பெடலை முழுசாக அழுத்தி 3,500 வரை போக விட வேண்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக்கூடாது. பதிவாகட்டும், பிறகு நிறுத்திப் பார்க்கலாம், அல்லது பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும்.

ஒரே சமயத்தில் இருபது எண்களைத் தேர்ந்தெடுத்தால் மலிவான அடாப்டர்கள் நொடிக்கு ஒரு தடவைகூடப் புதுப்பிக்காது. கோளாறு நடந்த அரை நொடி கண்ணிலிருந்து தப்பிவிடும். ஆர்பிஎம், பெடல், பூஸ்ட், காற்றின் எடை, ரெயில் பிரஷர், முடிந்தால் பூஸ்டுக்கும் ரெயிலுக்கும் இசியு கேட்ட அளவு. இவை போதும். கேட்ட அளவைப் பொதுவான ஓபிடி (வண்டியின் சோதனை இணைப்பு) ஆப்கள் பலவும் காட்டாது, அந்தந்தக் கம்பெனிக்கான மென்பொருள் தேவைப்படும். இன்னொன்று: பொதுவான ஓபிடியில் மேப் அளவு ஒரே பைட்டில் வருவதால் 255 கிலோபாஸ்கலுக்கு மேல் காட்டவே முடியாது. எண் 255ல் ஒட்டிக்கொண்டு நின்றால் சென்சார் கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

பதிவை எடுத்த பிறகு வரிசையைப் பாருங்கள்.

ரெயில் பிரஷர் முதலில் விழுகிறது, உதாரணமாக 1,500 பார் கேட்டு 900தான் கிடைக்கிறது, அதற்குப் பிறகு பூஸ்டும் சரிகிறது என்றால் கோளாறு டீசல் பக்கம். டீசல் குறைந்தால் எரிப்பு குறைகிறது, எக்ஸாஸ்டில் வேகம் குறைகிறது, டர்போ தளர்கிறது. பூஸ்ட் எண்ணை மட்டும் பார்ப்பவர் இந்த இடத்தில்தான் நல்ல டர்போவைக் கழற்றுகிறார்.

ரெயில் கேட்டதைக் கொடுத்துக்கொண்டிருக்க, பூஸ்ட் மட்டும் கேட்டதற்கு 30, 40 கிலோபாஸ்கல் கீழே கிடந்தால் கோளாறு காற்றுப் பக்கம் அல்லது எக்ஸாஸ்ட் பக்கம். இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்று குறைவதைப் பார்த்து, புகை வராமல் இருக்க இசியு தானே டீசலைக் குறைத்துவிடும். அதனால் கேட்கும் ரெயில் பிரஷரும் இறங்கும். அது விளைவுதான்.

மூன்றாவது நிலையைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கேட்டதும் கிடைத்ததும் அச்சாகப் பொருந்துகின்றன, ஆனால் கேட்பதே குறைவு. அப்போது எந்தப் பாகமும் தோற்கவில்லை. இசியு வேறு ஏதோ காரணத்துக்காகச் சக்தியைக் கட்டுப்படுத்துகிறது. கூலன்ட் சூடு, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பின் காற்றின் சூடு, டிபிஎஃப்பில் கரி அளவு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கேட்கும் டார்க் குறைப்பு, எக்ஸாஸ்டைச் சுத்தம் செய்ய யூரியா தெளிக்கும் முறை உள்ள வண்டிகளில் அதன் எச்சரிக்கை, குறைவாகப் படிக்கும் காற்று சென்சார் ஆகிய ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும்.

இரண்டு சென்சாரை ஒன்றோடொன்று மோதவிடுவது

எனக்குத் தெரிந்தவரை இந்த வேலையில் அதிகப் பலன் தரும் சோதனை இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காற்று ஃபில்டருக்குப் பின்னால் உள்ள மேஃப் சென்சார் (மேலே சொன்ன காற்று சென்சார்) உள்ளே வரும் காற்றின் எடையை அளக்கிறது. மேனிஃபோல்டில் உள்ள மேப் சென்சார் வந்து சேர்ந்த அழுத்தத்தை அளக்கிறது. இன்ஜின் அளவு தெரிந்தால் ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணக்கிட்டுவிடலாம்.

2 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டர் அரை லிட்டர். மேனிஃபோல்டில் 200 கிலோபாஸ்கல், காற்று 50 டிகிரி செல்சியஸ் என்றால் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 2.16 கிராம். அரை லிட்டருக்கு 1.08 கிராம். சிலிண்டர் முழுதாக நிரம்பாது, 90 சதவீதம் என்று வைத்தால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 970 மில்லிகிராம். ஸ்கேனர் நொடிக்கு எத்தனை கிராம் என்று காட்டினால், 2,500 ஆர்பிஎம்மில் இது நொடிக்கு 81 கிராம். மேனிஃபோல்டில் 150 கிலோபாஸ்கல், 40 டிகிரி என்றால் அதே கணக்கில் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 750 மில்லிகிராம் வரும்.

இனி ஒப்பிடுங்கள். மேப் 150 காட்டுகிறது, ஆனால் மேஃப் 950 மில்லிகிராம் காட்டுகிறது என்றால், 200 மில்லிகிராம் காற்று சென்சாரைத் தாண்டி வந்து, இன்ஜினுக்குள் போகாமல் வெளியே போய்விட்டது. டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் கசிவு. டர்போ தாராளமாக வேலை செய்கிறது, பலன்தான் வந்து சேரவில்லை.

இரண்டுமே குறைவு, ஆனால் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்றால் கசிவு பெரிதாக இல்லை. டர்போவே குறைவாக அழுத்துகிறது. காற்று ஃபில்டர் அடைப்பு, உள்பக்கம் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் குழாய், திறந்து கிடக்கும் தகடுகள், எக்ஸாஸ்ட் அடைப்பு என்று தேட வேண்டும்.

மேப் நன்றாக இருக்கிறது, மேஃப் மட்டும் குறைவு என்றால் மூன்று வழி. மூடாத ஈஜிஆர் வழியாக எரிந்த வாயு வந்து மேனிஃபோல்டை நிரப்புகிறது. அல்லது மேனிஃபோல்டுக்குப் பின்னால் இன்ஜின் மூச்சுவிட முடியவில்லை; வால்வுக்கு முன் உள்ள துளைகளில் கரி அடைப்பு, டைமிங் தவறு, சைலன்சர் பக்கம் அடைப்பு. அல்லது மேஃப் சென்சார் அழுக்கடைந்து குறைத்துப் படிக்கிறது. கடைசியாகச் சொன்னது நயவஞ்சகமான கோளாறு. 20 சதவீதம் குறைத்துப் படிக்கும் சென்சாரை நம்பி இசியு டீசலைக் குறைத்துவிடும். புகை வராது, கோடும் விழாமல் போகலாம், வண்டி சோம்பலாகவே ஓடும்.

மேஃப் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கும் பழைய உத்தி ஓரளவுக்கு உதவும். ஆனால் இணைப்பைக் கழற்றினால் பல வண்டிகளில் ஈஜிஆரும் சேர்ந்து மூடிக்கொள்ளும். ஆகவே 'கழற்றியதும் நன்றாக இழுக்கிறது' என்றால் குற்றவாளி ஈஜிஆராகவும் இருக்கலாம். சென்சார் வாங்குவதற்கு முன் ஈஜிஆரைத் தனியாகச் சோதித்துவிடுங்கள்.

கசிவைக் கண்டுபிடிப்பது

இன்டர்கூலர் குழாய்களில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்ப் படலம் இருக்கும். கசிவு உள்ள இடத்தில் அது வெளியே தெறித்துத் தூசியோடு சேர்ந்து கறுப்பாக ஒட்டியிருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். கிளாம்ப் பகுதி, குழாய் உடலில் உரசும் இடம், இன்டர்கூலரின் பிளாஸ்டிக் முனையும் அலுமினியமும் சேரும் மடிப்பு, சொருகும் வகைக் குழாயின் ஓ ரிங். சில ஹோஸ்கள் கையில் அழுத்தும்போது நன்றாக இருக்கும், ஒரு பார் அழுத்தம் வந்தால்தான் கிழிசல் வாய் திறக்கும். பார்த்துச் சொல்ல முடியாததை அழுத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

டர்போவின் நுழைவாயிலில், காற்று ஃபில்டர் குழாயைக் கழற்றிய இடத்தில், வால்வு பொருத்திய அடைப்பானைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆவிக் குழாயை அடைத்துவிடுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து வையுங்கள், உள்ளே அழுத்தம் ஏறி சீல்களைத் தள்ளிவிடாமல் இருக்க. ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரஸரில் முதலில் 0.5 பார், பிறகு மெதுவாக 1 பார். அதற்கு மேல் வேண்டாம். அடைப்பானுக்கு நேராக நிற்கக்கூடாது, பிய்த்துக்கொண்டு வந்தால் அடி பலமாக இருக்கும். இப்போது சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். வால்வுகள் வழியாகவும் ரிங்குகள் வழியாகவும் கொஞ்சம் காற்று இறங்கத்தான் செய்யும். எண்ணெய் மூடியில் லேசான சீற்றம் கேட்பது கோளாறு அல்ல.

தகடுகள், வேக்கம், சோலனாய்டு

இப்போதைய டீசல் டர்போக்களில் பெரும்பாலானவற்றில் டர்பைனைச் சுற்றி அசையும் தகடுகள் இருக்கின்றன. தகடுகள் மூடும்போது வாயுவின் வழி குறுகி வேகம் கூடுகிறது, குறைந்த ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் கிடைக்கிறது. ஆர்பிஎம் ஏற ஏற அவை திறந்துகொள்ள வேண்டும். திறந்தே சிக்கினால் கீழே இழுவை இருக்காது. மூடியே சிக்கினால் மேலே போகும்போது பூஸ்ட் மீறி, லிம்ப் மோட்.

வேக்கத்தில் இயங்கும் வகை என்றால் சோதனை எளிது. ஸ்டார்ட் செய்ததும், தகடுகளை அசைக்கும் ஆக்சுவேட்டரின் கம்பி உள்ளே இழுக்கப்பட வேண்டும், அணைத்ததும் வெளியே வர வேண்டும். இழுக்கவில்லை என்றால் ஹோஸைக் கழற்றி வேக்கம் கேஜ் வையுங்கள். பம்ப் பக்கத்தில் கடல் மட்டத்தில் 0.9 பாரைச் சுற்றி இருக்க வேண்டும். வேக்கம் பம்ப்பில் இருக்கிறது, ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் மின் வால்வான சோலனாய்டுக்குப் பின் இல்லை என்றால் சோலனாய்டு, அதன் சின்ன ஃபில்டர், அல்லது வயர். இன்ஜின் சூட்டில் வெந்து விரிசல் விட்ட மெல்லிய ரப்பர் ஹோஸ்கள்தான் இதில் அதிகம் மாட்டும். விலை குறைந்த பொருள். எல்லா ஹோஸையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

பிறகு கைப் பம்ப்பால் ஆக்சுவேட்டரை இழுத்துப் பாருங்கள். கம்பி தடங்காமல், குதிக்காமல், ஒரே சீராகப் போய் வர வேண்டும். ஒரு நிமிடமாவது வேக்கம் பிடித்து நிற்க வேண்டும், இறங்கினால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. இந்தச் சோதனையைச் சூடான இன்ஜினிலும் செய்ய வேண்டும், ஏனென்றால் குளிர்ந்திருக்கும்போது நழுவும் தகடுகள் சூட்டில் விரிந்து சிக்கும். எலக்ட்ரிக் ஆக்சுவேட்டர் என்றால் கேட்ட நிலையையும் வந்த நிலையையும் ஸ்கேனரில் ஒப்பிட்டு, முடிந்தால் கம்பியைக் கழற்றி டர்போவின் நெம்புகோலைக் கையால் அசைத்துப் பாருங்கள். கை சுலபமாக அசைத்தால் தவறு ஆக்சுவேட்டரில். அதில் இருக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம். தொழிற்சாலையில் வாயு ஓட்டத்தை அளந்து வைத்தது, கண்ணளவில் திரும்ப வைக்க முடியாது.

தகடுகளுக்குப் பதில், அதிகமான வாயுவை வேறு வழியில் விடும் மூடி வைத்த வேஸ்ட்கேட் வகையில் கதை தலைகீழ். அங்கே பூஸ்ட் அழுத்தம்தான் மூடியைத் திறக்கிறது. டயாஃப்ரம் கிழிந்தால் மூடி திறக்காமல் பூஸ்ட் மீறும்; மூடி தேய்ந்து சரியாக உட்காராவிட்டால் பூஸ்ட் குறையும்.

தகடுகளில் கரி பிடித்திருந்தால், ஷாஃப்ட் நன்றாக இருக்கும் பட்சத்தில், சுத்தம் செய்து ஓட்டலாம். ஆனால் கரி எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் கிடைக்காமல் பூட்டினால் திரும்பவும் வரும்.

எக்ஸாஸ்ட் பக்கம்

டர்பைன் சுற்றுவது முன்பக்க அழுத்தத்தால் மட்டும் அல்ல, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தால். டிபிஎஃப் அடைத்தால் பின்பக்க அழுத்தம் ஏறி வித்தியாசம் குறைகிறது. அதனால்தான் அடைபட்ட டிபிஎஃப் பி0299 கோடையும் போடும்.

சூடான இன்ஜினில், ஐடிலிங்கில் நல்ல டிபிஎஃப்பின் அழுத்த வித்தியாசம் சில மில்லிபார்தான். லோடு இல்லாமல் 3,000 ஆர்பிஎம்மில் 100 மில்லிபாரைத் தாண்டினால் அடைப்பு என்று நினைக்கலாம். வண்டிக்கு வண்டி எல்லை மாறும், கம்பெனி அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்சாருக்குப் போகும் இரண்டு குழாய்களில் ஒன்று விரிசல் விட்டாலோ இடம் மாறினாலோ அளவு தப்பாக வரும். அவற்றை முதலில் கழற்றி ஊதிப் பாருங்கள்.

உள்ளே சேர்வது இரண்டு வகை. கரி எரிந்து போகும், 600 டிகிரி செல்சியஸ் வாக்கில். இன்ஜின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. எரித்து முடித்த பிறகும் அழுத்த வித்தியாசம் இறங்கவில்லை என்றால் சாம்பல். வெளியே எடுத்துக் கழுவ வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். ஸ்கேனர் வழியாகக் கட்டாய ரீஜெனரேஷன் (கரியை எரிப்பது) செய்யும்போது வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், காய்ந்த புல் மேல் நிறுத்தக் கூடாது. கரி அளவு கம்பெனி சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தால் எரிக்க முயல வேண்டாம். கட்டுப்பாடில்லாமல் எரிந்து டிபிஎஃப் உருகவோ விரிசல் விடவோ செய்யும். அடிக்கடி பாதியில் நின்றுபோன ரீஜெனரேஷன் ஆயிலில் டீசலைக் கலக்கும். டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தால் ஆயிலை மாற்றாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

டிபிஎஃப்பைக் குடைந்து எறிவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பல நாடுகளில் அது சட்ட விரோதம், அதோடு கரியை உண்டாக்கிய கசிவும் இன்ஜெக்டரும் அப்படியே இருக்கும்.

டீசல் பக்கம்

ரெயில் முதலில் விழுந்தது என்று பதிவு காட்டினால் மலிவானதிலிருந்து தொடங்குங்கள். ஃபில்டரை மாற்றி, பழையதை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். தண்ணீர், துரு, பளபளக்கும் உலோகத் துகள், எல்லாமே தெரியும். உலோகத் துகள் இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். உயர் அழுத்தப் பம்ப் உதிர்ந்துகொண்டிருக்கிறது. ரெயில், இன்ஜெக்டர் வரை துகள் போயிருக்கும், பம்ப்பை மட்டும் மாற்றினால் புதிய பம்ப் வாங்கிய காசும் போய்விடும்.

டாங்க் மூடியைத் தளர்த்திவிட்டு அதே மேட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சரியானால் காற்றுத் துளை அடைப்பு. பம்ப்புக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு தெளிவான குழாயைச் சேர்த்தால் குமிழி ஓடுவது தெரியும். அழுத்தத்தில் டீசலை வெளியே கசியவிடாத இணைப்பு, உறிஞ்சும்போது காற்றை உள்ளே விடும். டாங்க்கில் எலக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டியில் குமிழியைத் தேடுவதைவிட, லோடில் அந்தப் பம்ப்பின் அழுத்தம் இறங்குகிறதா என்று கேஜ் வைத்துப் பார்ப்பது சரி.

அடுத்தது இன்ஜெக்டர் ரிட்டர்ன். ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு குழாயையும் ஒரே அளவுள்ள தனித்தனிக் குப்பியில் விட்டு, மூன்று நிமிடம் ஐடிலிங்கிலும் ஒரு நிமிடம் 2,500லும் ஓடவிடுங்கள். ஒரு குப்பி மட்டும் மற்றவற்றைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. எல்லாம் குறைவாகவும் சமமாகவும் இருந்து ரெயில் ஏறவில்லை என்றால் பம்ப்பின் அளவு வால்வு, ரெயில் முனையில் உள்ள அழுத்த வால்வு, கடைசியாக பம்ப். இன்ஜெக்டர் மாற்றினால் அதன் தலையில் அச்சிட்ட குறியீட்டை இசியுவில் பதிய வேண்டும், கீழே உள்ள செம்பு வாஷரையும் புதிதாகப் போட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய டீசலில் செய்தது போல, ஓடும் காமன் ரெயில் இன்ஜினில் உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தவே கூடாது. 1,600 பாரில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய புள்ளி மாதிரிதான் தெரியும். விரலையோ கையையோ இழக்க நேரிடும் காயம் அது. வலி இல்லை என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்ஜினுக்கு வெளியே

பதிவில் ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரே கியரில் அது மாறக்கூடாது. பெடலை அழுத்தும்போது கூடினால் கிளட்ச் வழுக்குகிறது. தட்டையான இடத்தில் நியூட்ரலில் உருட்டிவிட்டு, நிறுத்தி, நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கை வைத்துச் சூட்டை ஒப்பிட்டால் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் தெரிந்துவிடும். டிஸ்க்கைத் தொட வேண்டாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் வண்டி மந்தம் என்றால்தான் டைமிங் குறிகளையும் கம்ப்ரஷனையும் பார்ப்பது.

கடைசியில் டர்போ

காற்றுக் குழாயைக் கழற்றி, டார்ச் அடித்து, கம்ப்ரஸர் சக்கரத்தின் இறகுகளைப் பாருங்கள். ஓரம் பிய்ந்திருந்தால் ஏதோ உள்ளே போயிருக்கிறது. இறகு சுவரில் உரசிய தடம் இருந்தால் பேரிங் போய்விட்டது. ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங் அது. முன்னும் பின்னும் தள்ளினால் விரலுக்கு ஆட்டமே தெரியக்கூடாது.

டர்போ உண்மையிலேயே செத்திருந்தால், எதனால் செத்தது என்று கண்டுபிடிக்காமல் புதியதைப் பூட்ட வேண்டாம். பெரும்பாலும் பதில் எண்ணெய்ப் பாதையில் இருக்கும். எண்ணெய் வரும் மெல்லிய குழாய்க்குள் கரி பிடித்திருக்கும். அதைக் கழுவ நினைக்காமல் மாற்றிவிடுங்கள். திரும்பும் குழாய் தாராளமாக வடிய வேண்டும். இணைப்புகளில் சிலிகான் பேஸ்ட் பூசினால் அது பிதுங்கி உள்ளே போய் எண்ணெயை அடைக்கும், அதற்குரிய கேஸ்கெட் மட்டும் போடுங்கள். இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே தேங்கிய எண்ணெயை முழுக்க வடித்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் குடித்து இன்ஜின் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறிபிடித்துச் சுற்றும். புதிய டர்போவின் எண்ணெய்த் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றிக் கையால் சுற்றி, இன்ஜின் பற்றாதபடி ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டு எண்ணெய் அழுத்தம் வந்த பிறகே ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஐடிலிங்கிலேயே விடுங்கள்.

பிறகு கோடை அழித்து, அதே சாலை, அதே மூன்றாவது கியர், அதே 1,500லிருந்து 3,500 வரை மறுபடியும் பதிவு எடுங்கள். கேட்ட பூஸ்டைக் கிடைத்த பூஸ்ட் ஓரிரு நொடியில் எட்டி, அதிகம் தாண்டாமல் அதோடு சேர்ந்து போக வேண்டும். காற்றின் எடை மேலே சொன்ன கணக்கோடு பத்து சதவீதத்துக்குள் பொருந்த வேண்டும். ரெயில் எங்கேயும் தொங்கக்கூடாது. பொருந்தவில்லை என்றால் இன்னொரு கோளாறு மிச்சம் இருக்கிறது, வண்டியை ஒப்படைக்க வேண்டாம். பொருந்தினால் அந்தப் பதிவைத் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். அடுத்த முறை அந்த வண்டி இழுக்காமல் வரும்போது ஒப்பிட அதைவிடச் சரியான அளவு எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.